சக்கரம் கழற்றும்போது கையில் வந்த புரியாத பாகம்: அது எது, எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

பைக்கின் பின் சக்கரத்தை வெளியே இழுக்கிறீர்கள். 'டிங்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் தரையில் ஒரு இரும்பு வளையம். வலப்பக்கத்திலிருந்து விழுந்ததா, இடப்பக்கத்திலிருந்தா, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்கு உள்ளேயிருந்து வந்ததா, தெரியவில்லை. பிரேக் ஷூ மாற்றவோ கிரீஸ் போடவோ வீட்டு முற்றத்தில் சக்கரம் கழற்றுகிற எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும். அப்போது பலர் அதைப் பொருந்துகிற இடத்தில் செருகி நட்டை முறுக்கிவிடுகிறார்கள். சிலர், இது இல்லாமலும் வண்டி ஓடுகிறதே என்று ஆணி டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்தான வழி.

பாகத்தின் பெயர் தெரியாமல் போகட்டும், அது உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தால் போதும். அந்த இடத்துக்கான சாட்சி பெரும்பாலும் பாகத்தின் மேலேயே இருக்கும்: தேய்ந்த தடம், அழுந்திய வட்டம், கிரீஸ், துரு. கன்னியாகுமரி மாவட்டத்து வண்டிகளில் இந்தச் சாட்சி இன்னும் தெளிவு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்துச் செம்மண். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. வெளியே தெரிந்த பகுதி எது, சீலுக்கு (தண்ணீரும் மண்ணும் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உள்ளே ஒளிந்திருந்த பகுதி எது என்று துருவே கோடு போட்டுக் காட்டிவிடும்.

உடனே துடைக்காதீர்கள்

கையில் எடுத்ததும் மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கழுவினால் சாட்சி போய்விடும். முதலில் அது விழுந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். பாகத்தை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து, இரண்டு முகமும் பக்கவாட்டும் தெரிகிற மாதிரி மொபைலில் படம் எடுங்கள். அப்புறம் சக்கரத்தின் இரண்டு பக்கம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் உட்பக்கம், சக்கரத்தின் நடுவே போகும் தண்டான ஆக்சிலின் முழு நீளம், எல்லாவற்றையும் எடுங்கள். ஆக்சிலைத் துடைக்காமல் எடுப்பது முக்கியம். எந்தெந்தப் பாகம் எங்கே உட்கார்ந்திருந்தது என்று ஆக்சிலின் மேல் பட்டை பட்டையாக நிறமாற்றம் இருக்கும். ஒரு பட்டை துருப்பிடித்திருக்கும், அடுத்தது பளபளவென்று இருக்கும், அதற்கடுத்தது கிரீஸ் பூசியபடி இருக்கும். பாகத்தின் நீளத்தை அந்தப் பட்டைகளோடு வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பிரேக் டிரம்மைத் திறந்திருந்தால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்று அடிக்கவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் (பிரேக் ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பலகை) நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஆக்சிலில் செருகிப் பாருங்கள்

மொத்த வேலையிலும் அதிகம் பயன் தருகிற சோதனை இதுதான். அந்த வளையமோ குழாயோ ஆக்சிலில் ஆட்டமில்லாமல் வழுக்கிச் செல்கிறதா?

ஏன் இது முக்கியம் என்று புரிய, நட்டை முறுக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சாதாரண டிரம் பிரேக் வண்டியின் பின் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். நட் ஸ்விங் ஆர்மை அழுத்தும். ஸ்விங் ஆர்ம் வெளி ஸ்பேசரை (இடைவெளி நிரப்பும் வளையம்) அழுத்தும். ஸ்பேசர் பிரேக் பேனலை (டிரம்மை மூடி ஷூக்களைத் தாங்கும் தகடு), பேனல் பேரிங்கின் (சக்கரம் சுழல உதவும் குண்டு வளையம்) உள்வளையத்தை, அந்த உள்வளையம் ஹப்புக்குள் இருக்கும் டிஸ்டன்ஸ் காலரை (இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நிற்கும் குழாய்), காலர் எதிர்ப்பக்கப் பேரிங்கின் உள்வளையத்தை, அது ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பக்கத்துக் காலரை, கடைசியில் எதிர்ப்பக்க ஸ்விங் ஆர்மை. இடையில் ஒரு நூல் இடைவெளிகூட இல்லாத இரும்புத் தொடர் இது. இந்தத் தொடர் சுற்றாது. இறுகி, அசையாமல் நிற்கும். பேரிங்கின் வெளிவளையமும் ஹப்பும் ரிம்மும் மட்டும்தான் இதைச் சுற்றி ஓடும்.

ஆகவே ஆக்சிலின் தடிமனுக்குச் சரியாகப் பொருந்துகிற எந்தப் பாகமும் பெரும்பாலும் இந்தத் தொடரின் ஒரு கண்ணி. அதை விட்டுவிட்டால் தொடர் அறுந்துவிடும். பக்கம் மாற்றிப் போட்டால் சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ளி உட்காரும்.

துளை ஆக்சிலைவிடப் பெரியதாக இருந்தால் அது நேராக ஆக்சிலில் உட்காரும் பாகம் இல்லை. ஆயில் சீல், சர்க்ளிப் (பாகம் நழுவாமல் பிடிக்கும் ஸ்பிரிங் வளையம்), ஸ்பீடோமீட்டர் டிரைவின் தகடு, ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் கேரியரின் ஸ்லீவ் (உள்குழாய்) மேல் ஏறும் காலர், இவற்றில் ஒன்றாக இருக்கலாம். துளையே இல்லையென்றால் பிரேக், செயின், டயர் பக்கம் தேட வேண்டும்.

விட்டம் அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இல்லாதபோது டிரில் பிட்டின் அடிப்பகுதியை அளவுகோலாகப் பயன்படுத்தலாம். 12 மில்லிமீட்டர் பிட் இறுக்கமாக நுழைந்தால் துளை 12.

தடத்தைப் படிப்பது

இப்போது பாகத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

வெளிச்சுற்றில் மெல்லிய பளபளப்பான ஒரு கோடு சுற்றிலும் ஓடுகிறதா? ஆயில் சீலின் ரப்பர் உதடு அங்கே உரசியிருக்கிறது. அப்படியென்றால் அது வெளி ஸ்பேசர். சீலுக்குள் நுழைந்து பேரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்த பாகம். அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் துரு, மறுபக்கம் கிரீஸ் என்று இருந்தால் திசையும் கிடைத்துவிட்டது: கிரீஸ் இருக்கும் முனை பேரிங்கைப் பார்த்து, துரு இருக்கும் முனை ஸ்விங் ஆர்மையோ முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையோ பார்த்து. மணக்குடி, முட்டம் பக்கம் கடலோரத்தில் ஓடும் வண்டியில் இந்த எல்லைக்கோடு கத்தியால் கீறினது போல இருக்கும். கோடு நகம் மாட்டுகிற அளவு ஆழமாகிவிட்டால் ஸ்பேசரையே மாற்ற வேண்டும். அந்தப் பள்ளத்தின் வழியாக உப்புத்தண்ணீர் பேரிங்குக்குள் போகும், புது சீல் போட்டாலும் நிற்காது.

முனைகளைப் பாருங்கள். பேரிங்கின் உள்வளையத்தோடு ஒட்டியிருந்த முனையில் அதே அகலத்துக்கு ஒரு வட்டத் தடம் பதிந்திருக்கும். ஸ்விங் ஆர்மோடு ஒட்டியிருந்த முனையில் அகலமான, கொஞ்சம் சொரசொரப்பான தடம் இருக்கும். இரண்டு முனையிலும் பேரிங் தடம் இருந்தால் அது இரண்டு பேரிங்குக்கு நடுவில் இருந்த டிஸ்டன்ஸ் காலர்.

சுற்றுவாக்கில் கண்டபடி கீறல் விழுந்து, நீலநிறம் பாய்ந்திருந்தால் அது சுற்றக்கூடாத இடத்தில் சுற்றியிருக்கிறது. முன்பு யாரோ தப்பாகப் போட்டிருக்கலாம், இல்லையென்றால் பேரிங் இறுகி உள்வளையமே ஆக்சிலின் மேல் சுழன்றிருக்கலாம்.

உடைந்த விளிம்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மணல்மணலாகத் தெரிந்தால் புது உடைப்பு. துருவேறியிருந்தால் பழைய உடைப்பு. எதுவானாலும் மறுபாதி கிடைக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். அது டிரம்முக்குள்ளோ ஹப்புக்குள்ளோ இன்னும் இருக்கலாம்.

அடிக்கடி கையில் வருகிற பாகங்கள்

*நீளமான குழாய்.* விரல் நீளமோ அதற்கு மேலோ இருக்கும், இரண்டு முனையும் சமமாக வெட்டப்பட்டிருக்கும். இது டிஸ்டன்ஸ் காலர். பேரிங்கைத் தட்டிக் கழற்றும்போதுதான் இது வெளியே வரும். நீங்கள் பேரிங்கைத் தொடவே இல்லை, ஆனாலும் குழாய் விழுந்தது என்றால் இரண்டு வாய்ப்பு: ஸ்ப்ராக்கெட் கேரியருக்குள் இருக்கும் ஸ்லீவ் நழுவியிருக்கலாம், அல்லது பேரிங் உடைந்து உள்வளையம் கழன்றிருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தக் காலர் இல்லாமல் நட்டை முறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும், குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும், புது பேரிங் சீக்கிரமே அரைக்கும். தொலைந்த காலருக்குப் பதிலாக லேத்தில் கடைந்து போடும் வழக்கம் உண்டு. நீளம் துல்லியமாக இருந்தால் தவறில்லை. அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் பேரிங் இறுகும். கம்பெனி காலர் கிடைக்கிற வண்டிக்கு அதையே வாங்குங்கள்.

*வெளிப்பக்கம் குழி ஓடும் தடித்த வளையம்.* கண்ணாடி போல மினுங்கும், வெளிச்சுற்றின் நடுவே ஒரு வழவழப்பான பள்ளம் ஓடும். இதைத்தான் பலர் ஸ்பேசர் என்று நினைத்துத் திரும்பப் போடுகிறார்கள். இது பேரிங்கின் உள்வளையம், பேரிங் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். கூடவே இரும்புக் குண்டுகளோ, குண்டுகளைப் பிடித்திருக்கும் மெல்லிய தகட்டுக் கூடோ கிடைக்கும். வெளிவளையம் ஹப்பிலேயே மாட்டியிருக்கும். பேரிங் எண் அதன் முகத்தில் பொறித்திருக்கும். 6301 என்றால் உள்துளை 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர். 6202 என்றால் 15, 35, 11. 6203 என்றால் 17, 40, 12. கடைசி இரண்டு இலக்கம் துளையைச் சொல்லும்: 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றிருந்தால் தகட்டு மூடி. நம்ம ஊர் மழைக்கும் உப்புக்கும் ரப்பர் மூடிதான் என் தேர்வு.

*இரண்டு காது நீட்டிய மெல்லிய தகட்டு வளையம்.* முன் சக்கரத்திலிருந்து வரும். கேபிள் வைத்த ஸ்பீடோமீட்டர் உள்ள வண்டிகளில், ஹப் சுற்றும்போது ஸ்பீடோ கியரைச் சேர்த்துச் சுற்றவைக்கும் தகடு இது. காதுகள் கியரின் வெட்டுகளில் உட்காரவேண்டும். உட்காராமல் ஆக்சிலை முறுக்கினால் காது மடங்கும், முள் வேலை செய்யாது. கியர் பெட்டியின் வெளிப்பக்கத்திலும் ஒரு வெட்டு இருக்கும், அது ஃபோர்க்கில் உள்ள முட்டில் பொருந்த வேண்டும். இதையும் பாருங்கள்.

*ஆப்பு வடிவ ரப்பர் கட்டிகள்.* ஹப் ரப்பர். பின் ஹப்புக்கும் ஸ்ப்ராக்கெட் கேரியருக்கும் நடுவில் இருந்து இழுவையின் அதிர்ச்சியைத் தாங்குபவை. முழுசாக வந்தால் எல்லாக் குழியிலும் திரும்பப் போடலாம். நொறுங்கித் துண்டாக வந்தால் மொத்த செட்டையும் மாற்றுங்கள். தோட்டத்துப் பாதையில் ஓடும் வண்டிகளில் காய்ந்த ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) கட்டி ஹப் ஓரத்தில் அப்பியிருப்பதும் உண்டு. பார்க்க ரப்பர் துண்டு போலவே இருக்கும். ஆனால் அச்சில் வார்த்த நேர்விளிம்பு அதில் இருக்காது, இழுத்தால் நீளும். அதேபோல ஆக்சிலைச் சுற்றி ஒரு வளைந்த கம்பி கிடைத்தால், வண்டிப் பாகம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ரப்பர் மரத்தில் பால் வடியும் சிரட்டையைத் தாங்கும் கம்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

*துளையுள்ள போல்ட், கொண்டை வெட்டிய நட், வளைந்த ஸ்பிளிட் பின்.* இங்கே நிதானமாக நில்லுங்கள். டிரம் பிரேக் பேனல் சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கும், பேனலிலிருந்து ஸ்விங் ஆர்முக்குப் போகும். டார்க் ராடு, ஆங்கர் ராடு என்பார்கள். சில வண்டிகளில் கம்பிக்குப் பதில் பேனலிலேயே ஒரு வெட்டு ஸ்விங் ஆர்மின் முட்டில் பொருந்தும். அந்த நட்டோ பின்னோ விட்டுப்போனால், பிரேக் மிதித்த நேரத்தில் பேனல் சுழன்று, பிரேக் கம்பியை முறுக்கி, சக்கரத்தைப் பூட்டிவிடும். ஆளைக் கொல்லக்கூடிய தவறு இது. கையில் ஒரு ஸ்பிளிட் பின் மிஞ்சியிருந்தால் முதலில் இந்த ராடின் இரண்டு முனைகளையும், பிறகு ஆக்சில் நட்டையும் பாருங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள்.

*லேசான, வளைந்த சாம்பல் பலகை.* பிரேக் லைனிங். ஷூவை விட்டு உரிந்து வந்திருக்கிறது. இரண்டு ஷூவையும் மாற்றுங்கள்.

*யு வடிவச் சின்னத் தகடு.* செயின் லாக்கின் கிளிப். மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியில் மெல்லிய வளைந்த ஸ்பிரிங் தகடு விழுந்தால் அது பிரேக் பேட் ஆடாமல் பிடிக்கும் தகடு, பேடுகளை அழுத்தும் பிரேக் காலிப்பரின் உட்கூரையில் உட்காரும்.

*ரப்பர் வளையம், உள்ளே மெல்லிய சுருள் ஸ்பிரிங்.* ஆயில் சீல். முகத்தில் மூன்று எண் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். கடையில் அந்த மூன்றையும் சொன்னால் போதும்.

*பல் பல்லாக வெட்டிய அல்லது துளை துளையான தட்டையான வளையம்.* ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் படிக்கும் வளையம். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம், அதனால் பிந்தைய வண்டிகளில் இது சகஜம். வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றுங்கள்.

வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்

தடத்தைப் படித்து ஒரு முடிவுக்கு வந்தபின், அதை உறுதிசெய்ய வண்டியின் பார்ட்ஸ் கேட்டலாக்கில் உள்ள பிரித்த வரைபடத்தைப் பாருங்கள். ஒரு வண்டிக்கு முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்விங் ஆர்ம், பிரேக் பேனல் என்று தனித்தனிப் பக்கம் இருக்கும். சக்கரப் பக்கத்தில் இல்லாத பாகம் ஸ்விங் ஆர்ம் பக்கத்தில் இருக்கலாம், செயின் அட்ஜஸ்டர் அங்கேதான் வரும். மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் டிரம், டிஸ்க், ஸ்போக், அலாய் என்று பல வகை இருக்கும், ஸ்பேசரின் நீளம் ஒவ்வொன்றிலும் மாறும். ஆண்டையும் வகையையும் சரியாகப் பாருங்கள்.

வரைபடத்தில் அப்படி ஒரு பாகமே இல்லையென்றால்? கைமாறிய வண்டிகளில் இது நிறைய. ஸ்பேசர் தொலைந்த இடத்தில் இரண்டு மூன்று வாஷரை அடுக்கி இடைவெளியை நிரப்பியிருப்பார்கள், அல்லது வேறு வண்டிச் சாமானை வெட்டிப் போட்டிருப்பார்கள். முலாம் இல்லாத மேற்பரப்பு, லேத் கோடுகள், மழுக்காத கூர்மையான விளிம்பு, ஆக்சிலில் ஆடுகிற துளை, இவை அடையாளம். அப்படிப்பட்ட பாகத்தைத் திரும்பப் போடுவதற்கு முன், அது எதற்குப் பதிலாக வந்தது என்று பார்த்து உரிய பாகத்தை வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது பாகத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும், பழகிய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு நூறு வண்டிச் சாமான் கைப்பழக்கம். ஆனால் "அண்ணாச்சி, இது எந்த வண்டிச் சாமான்?" என்று ஒரு வளையத்தை நீட்டினால் அவர் ஊகத்தில்தான் சொல்ல முடியும். ஆக்சில், இரண்டு ஸ்பேசர், நீங்கள் எடுத்த படங்கள், எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள்.

பூட்டி, சோதியுங்கள்

முதலில் சக்கரத்தை வண்டியில் ஏற்றாமல், தரையில் ஆக்சிலைச் செருகி எல்லாப் பாகங்களையும் வரிசையாகக் கோர்த்துப் பாருங்கள். மொத்த நீளம் ஸ்விங் ஆர்மின் உள்ளகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். இடைவெளி மிஞ்சினால் ஒரு பாகம் குறைகிறது. ஸ்விங் ஆர்மைப் பிளந்துதான் ஏற்ற வேண்டும் என்றால் ஒன்று கூடுதல், அல்லது பக்கம் மாறியிருக்கிறது.

வண்டியில் ஏற்றியபின் நட்டைக் கையால் மட்டும் முறுக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பிறகு ஸ்பேனரால் இறுக்கி மறுபடி சுற்றுங்கள். தளர்வாக இருக்கும்போது நன்றாகச் சுற்றி, இறுக்கியதும் சுற்றக் கனமானால் அந்த இரும்புத் தொடரில் தப்பு: டிஸ்டன்ஸ் காலர் குறைவு, அல்லது ஸ்பேசர் இடம் மாறியிருக்கிறது. இறுக்கிய பிறகும் ரிம்மைப் பக்கவாட்டில் ஆட்ட முடிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது கண்ணி ஒன்று விடுபட்டிருக்கிறது. ஒரே இடத்தில் உரசும் சத்தம் வந்தால் பிரேக் பேனலையும் டஸ்ட் சீலையும் பாருங்கள். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிச் செயினைப் பாருங்கள், ஸ்ப்ராக்கெட்டுக்கு நேராக ஓட வேண்டும். செயின் தொய்வு பெரும்பாலான சிறு வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர், உங்கள் வண்டிக்கு என்ன என்று ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். ஆக்சில் நட்டின் இறுக்கமும் மேனுவல் சொல்கிற அளவில், முடிந்தால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால்.

பூட்டுவதற்கு முன் ஆக்சிலிலும் ஸ்பேசரின் உட்பக்கத்திலும் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். கடலோரத்தில் இதைச் செய்யாத வண்டியில் அடுத்த முறை ஆக்சிலைச் சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். டிரம்மின் உட்பக்கம் கிரீஸ் படக்கூடாது.

பிரேக்கை மிதித்துப் பாருங்கள், விட்டதும் சக்கரம் விடுபட வேண்டும். பிறகு தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று, பிரேக் பிடித்துப் பிடித்து. திரும்பி வந்ததும் ஹப்பைத் தொடுங்கள். இரண்டு பக்கமும் இளஞ்சூடு என்றால் சரி. ஒரு பக்கம் கை வைக்க முடியாத சூடு என்றால் மறுபடி கழற்றுங்கள்.

இவ்வளவும் செய்தும் அந்தப் பாகம் எது என்று தெரியவில்லையா, வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப் போகாதீர்கள். சக்கரம், ஆக்சில், எல்லாப் பாகத்தையும் ஒரு சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றுங்கள். வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கட்டும்.